கதவுக்கு வெளியே எம்லின் ப்ரோதெரோ

எம்லின் ப்ரோதெரோ போன பிப்ரவரியில் செத்துப்போனான். பத்திரிகையில் மூன்று வரி போட்டார்கள். அதிலும் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். முதல் பிரிவில் நாலு ஆட்டம் ஆடிவிட்டு மூட்டு வலிக்கிறது என்று வீட்டுக்குப் போனவனுக்கெல்லாம் படத்தோடு அரைப்பக்கம். இரண்டாம் பிரிவில் வருஷக்கணக்காக எலும்பை உடைத்துக்கொண்டவனுக்கு மூன்று வரி. எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஹெர்பி லம்ப். ஓக்கன்ராய்டு கிளப்பில் எம்லினுக்குப் பின்னால் நின்று ஆடியவன். ரக்பி லீக்கில் பந்தோடு ஓடுகிறவனை எதிரிகள் பிடித்துக் கீழே தள்ளினால், அவன் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மேற்கொண்டு வேலையைப் பார்க்க ஒருவன் பின்னால் நிற்பான். அந்த ஒருவன் நான். ஆள் குட்டை, வாய் பெரிசு. எம்லின் எனக்கு நேர் எதிர். கதவை அடைக்கிற தோள். அவனை ஒரு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

எங்கள் மைதானம் சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்தது. பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ, பக்கத்து ஓடையில் அதுதான் தண்ணீர். பந்து ஓடையில் விழுந்தால் நீலமாகவோ சிவப்பாகவோ திரும்பி வரும். வெளியூர் அணிக்காரர்கள் அதைத் தொடுவதற்கு ஒரு கணம் யோசிப்பார்கள். அந்த யோசனையிலேயே நாங்கள் சில ஆட்டங்களை ஜெயித்திருக்கிறோம்.

இரண்டாம் பிரிவு என்பதை மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் மூன்று தடவை கண்டுபிடித்தார்கள். முதல் தடவை 1902-இல். மூன்றே வருஷத்தில், கூட்டம் வரவில்லை, ரயில் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஊற்றி மூடினார்கள். அறுபது வருஷம் கழித்து 1962-இல் மறுபடி ஞானோதயம் வந்தது. அது இரண்டு வருஷம் தாங்கியது. 1973-இல் மூன்றாம் தடவை, அதுதான் நிலைத்தது. மூன்று தடவையும் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்களை அதில்தான் போட்டார்கள். பேட்லி, டியூஸ்பரி, பிராம்லி, டான்காஸ்டர், எல்லாம் எங்களைப் போல ஒட்டுப்போட்ட சட்டைக்காரர்கள். 1963 குளிர்காலத்தில் பிராட்போர்டு கிளப் நடுச் சீசனில் கையை விரித்துவிட்டது. ஒரு காலத்தில் மலை மாதிரிக் கூட்டம் பார்த்த கிளப், முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு முன்னால் ஆடிவிட்டு மூச்சை விட்டது. அடுத்து யார் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியும் சனிக்கிழமை மத்தியானம் வந்தால் பட்டறைச் சங்கு ஊதியதும் ஊரே ஓடையைத் தாண்டி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தோற்கிறவர்களைப் பார்க்க மழையில் நிற்பதற்கு எந்த அவசியமும் இல்லாத ஜனங்கள் அவர்கள்.

அந்தச் சீசனில், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் உடை மாற்றும் அறைக்குள் நிலைப்படிக்குக் குனிந்துகொண்டு எம்லின் வந்தான். இருபத்திரண்டு வயது. கையில் பூட்ஸ் சுற்றிய ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம்.

"பேரு என்ன தம்பி?" என்றேன்.

அவன் எங்கள் மேனேஜர் ஆர்னல்டு சக்டனைப் பார்த்தான்.

"இவனுக்குப் பேரு கிடையாது," என்றார் சக்டன். "இன்னைக்கு இவன் வேறொருத்தன்."

"போன வாரம் வந்தவனும் வேறொருத்தன்தானே? அவனுக்குப் பல்லே இல்ல."

"இவனுக்கு இருக்கு. நீ உன் வாயை மூடு."

விஷயம் இதுதான். எம்லின் தெற்கு வேல்ஸ்காரன், பென்கெலின் என்கிற சுரங்க ஊர். அங்கே பதினைந்து பேர் ஆடும் யூனியன் ரக்பிதான் சாப்பாடு, தூக்கம், கோயில் எல்லாம். அதை ஆடுகிறவன் காசு வாங்கக் கூடாது. நாங்கள் பதின்மூன்று பேர், ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறவர்கள். யூனியன்காரன் ஒருவன் எங்களோடு ஒரே ஒரு ஆட்டம், சல்லிக்காசு வாங்காமல் ஆடிப் பார்த்தால்கூடப் போச்சு. ஆயுசுக்கும் அவன் யூனியன் ஆட முடியாது. பென்கெலின் மாதிரி ஊர்களில் கிளப் கட்டடத்துக்குள் காலே வைக்க முடியாது. கொலை செய்தவனுக்குக்கூட ஒருநாள் விடுதலை உண்டு, இவனுக்கு இல்லை. அதனால் சும்மா ஆடிப் பார்க்க வருகிறவனின் பெயரை நாங்கள் அச்சடிக்க மாட்டோம். 'வேறொருவர்' என்று போட்டு மறைத்துவிடுவோம். பிடிக்காவிட்டால் அவன் ஓசைப்படாமல் ஊருக்குப் போய்ப் பழைய ஆட்டத்தை ஆடிக்கொள்ளலாம்.

எம்லினும் அப்படித்தான் நினைத்து வந்தான். கெடுத்தது அவன் கை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பந்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். நிலம் அதிர்ந்தது. மூன்றாவது ஆள் காலைக் கட்டிப் பிடித்தான். கீழே விழுந்தான். விழுந்ததும், சின்ன வயதிலிருந்து பழகியபடி, இரண்டு கையையும் விரித்துப் பந்தை விட்டுவிட்டுப் புரண்டு படுத்தான். யூனியனில் அதுதான் சட்டம். பிடிபட்டவன் பந்தை விட்டுவிட வேண்டும். எங்கள் ஆட்டத்தில் பிடிபட்டவனுக்குத்தான் பந்து சொந்தம். பின்னால் கையைத் தட்டிக்கொண்டு நின்ற நான் அந்தப் பந்தைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. எதிரணிக்காரன் கும்பிடாத குறையாக அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எங்கள் கோட்டுக்குப் பின்னால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான்.

மைதானமே கொல்லென்று சிரித்தது. "யூனியன்காரன்டா!" என்று கூச்சல். வேலியோரம் எப்போதும் குடையோடு நிற்கும் கிராப்ட்ரீ அம்மா, ஆலையில் நெய்கிறவள், தொண்டை கிழியக் கத்தினாள்: "கண்ணு! அது உன்னுதுடா கண்ணு! வச்சுக்க!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "டேய், பந்தை எதுக்குடா விட்ட?"

"விட வேண்டாமா?" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்த ஒரு சிரிப்பில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் இருந்த பத்திரிகைக்காரன், வேறொருவரின் ஊர் எதுவென்று அவர் கையே சொல்லிவிட்டது என்று நையாண்டியாக எழுதி, பக்கத்தில் படமும் போட்டுவிட்டான். வேல்ஸ்காரர்கள் இல்லாத ஊர் வடக்கில் கிடையாது. எவனோ ஒரு புண்ணியவான் அதை வெட்டிப் பென்கெலினுக்கு அனுப்பிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன எம்லின் அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியோடு திரும்பி வந்தான். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது, அதில் தங்கினான். அன்று சாயங்காலம் பட்டாணியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னான்.

"கமிட்டி உள்ள உக்காந்திருந்துச்சு. எங்கப்பாதான் கதவுல."

அவன் அப்பா மோர்கன் ப்ரோதெரோ பென்கெலின் கிளப்பின் வாயில்காப்பாளர். இளவயதில் அந்த அணிக்கு ஆடியவர். சுரங்கத்தில் கால் நசுங்கியபின் கதவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்.

"நான் போனதும் எந்திரிச்சு வெளிய வந்தாரு. 'உன்னை இனி உள்ள விட முடியாதுப்பா. அடுத்தவன் புள்ளையா இருந்தா விட மாட்டேன். என் புள்ளைன்னு எப்படி விடுறது'ன்னாரு."

"ஒரே ஒரு ஆட்டம்தானடா ஆடின? அதுலயும் பாதி நேரம் பந்தை அவங்களுக்குல்ல குடுத்த!"

அவன் சிரிக்கவில்லை. "சும்மா எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன் ஹெர்பி," என்றான். என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை அவன் தட்டுக்குத் தள்ளினேன்.

சக்டன் அவனைச் சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நனைந்த கம்பளி மூட்டை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "யாராவது என்னைத் தள்ளுங்க," என்று கேட்பான். தள்ளுவார்கள். விழுவான், மூட்டையை விடாமல் எழுவான், தரையில் வைத்துக் குதிகாலால் உருட்டுவான். "இன்னொரு தடவை." நூல் சுற்றுகிற பெண்கள்கூட முறை வைத்துக்கொண்டு வந்து தள்ளினார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் முன்வரிசையில் ஆடியிருக்கலாம், அவ்வளவு பலம். ஒருத்தி, ரெனி ஹெப்டன், அவனைத் தொட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டாள். இடுப்புவரை பச்சையாக எழுந்து வந்தான், மூட்டையோடு. அவளையே பின்னால் கல்யாணம் செய்துகொண்டான்.

அவன் என்ன செய்யக்கூடியவன் என்பதை நான் பார்த்தது அடுத்த ஏப்ரலில். வடமேற்குக் கடற்கரையில் ஒரு கிளப்போடு ஆட்டம். கடலிலிருந்து அடித்த காற்றில் நேராக நிற்க முடியவில்லை. ஆள் மாற்றும் வழக்கம் அப்போது கிடையாது. இரண்டு பேர் அடிபட்டு வெளியே போய்விட, பதினோரு பேராக ஆடிக்கொண்டிருந்தோம். எப்படியோ இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம். முடிய இன்னும் கால் மணி நேரம். எங்களில் ஓடத் தெம்புள்ளவன் ஒருவனும் இல்லை.

எம்லின் என்னைப் பார்த்தான். "எனக்கே குடு," என்றான்.

இத்தனை தடவை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிற கணக்கெல்லாம் பிற்பாடு வந்தது. அப்போது எத்தனை தடவை பிடித்தாலும் பந்து எங்களுடையதே. கொடுத்தேன். நாலு அடி போனான், மூன்று பேர் மேலே விழுந்தார்கள். எழுந்தான், உருட்டினான். எடுத்தேன், மறுபடி அவனுக்கே கொடுத்தேன். மறுபடி விழுந்தான், எழுந்தான், உருட்டினான். மற்ற ஒன்பது பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் ஆடுகிறவன் என்பதை மறந்து வேடிக்கைதான் பார்த்தேன். மனிதனால் இப்படிச் செய்ய முடியுமா? காதில் ரத்தம், ஒரு கண் மூடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சேற்றுக்கு அடியிலிருந்து முதலில் பந்து வெளியே வரும், பிறகு அதைக் கட்டிப் பிடித்தபடி அவன் வருவான்.

எதிரணி முன்வரிசைத் தடியன் ஒருவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "டேய், விட்டுத் தொலையேன்டா அதை!"

"ஒரு தடவை விட்டேன்," என்றான் எம்லின். "போதும்."

ஊதல் ஊதியபோது அந்த ஊர்க்காரர்கள், தோற்றவர்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. நான் என் வாழ்க்கையில் பெரிய கோப்பைகளைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தொப்பிகளுக்கு முன்னால் அவை தகரம். அடுத்த மாதம் மேலிடம் இரண்டாம் பிரிவைக் கலைத்துவிட்டது. கடைசியில் நாங்கள் எத்தனையாவது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

சீசனில் எம்லின் ஊருக்குப் போக வேண்டுமென்றால் எலும்பு உடைய வேண்டும். மற்றபடி ஒவ்வொரு வாரமும் ஆட்டம் இருக்கும். 1967-இல் தோளையொட்டிய கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, "பென்கெலின் போகணும்," என்றான். எனக்கும் அந்த வாரம் ஆடத் தடை. நடுவரைப் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டறை வேனை இரவல் வாங்கி அவனைக் கூட்டிப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளப் கட்டடத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். மழை. எம்லின் வாசற்படிக்குக் கீழே, மழைத்தண்ணீர்க் குழாய் பக்கத்தில் போய் நின்றான். அங்கேதான் நிற்க வேண்டும் என்று கோடு போட்டு வைத்த மாதிரி நின்றான். நானும் நின்றேன். நான் மட்டும் உள்ளே போக முடியுமா என்ன, நானும் கூலிக்காரன்தானே. அங்கிருந்து பார்க்க அந்தக் கதவு எனக்கு எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியது.

கதவில் நாற்காலியிலிருந்து ஒரு சின்ன மனிதர் எழுந்தார். எனக்கு நம்பவே முடியவில்லை. இந்த மலையைப் பெற்றவர் என் உயரம்தான் இருந்தார். உள்ளே போய் மூன்று கோப்பை தேநீரோடு நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்து, எங்களோடு மழையில் நின்றார்.

"கழுத்தா?" என்றார் மகனிடம்.

"ஆமாப்பா."

"ரெனி சௌக்கியமா?"

"இருக்கா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவனுக்குப் பின்னாடி நிக்கிறவன் நீதானே?"

"நான்தாங்கய்யா."

"பந்தை விடுறானா இப்பவும்?"

"கழுத்தெலும்பு உடைஞ்சப்பக்கூட விடலீங்க. நான்தான் பிடுங்க வேண்டியிருந்துச்சு."

அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைத்துளி விழுந்து அது நிரம்பிக்கொண்டே வந்தது.

உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்: "மோர்கன்! கதவுல ஆளைக் காணோமே!"

"கதவு எங்கயும் ஓடிப்போயிடாது!" என்று திருப்பிக் கத்தினார். நகரவில்லை. உள்ளே மூன்று பாட்டு முடியும்வரை அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவர் மகனை உள்ளே விடவில்லை, ஒருநாளும் விட்டதில்லை. தான் வெளியே வந்தார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானாம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

1974 பிப்ரவரியில் மோர்கன் இறந்துபோனார். நாங்கள் ஐந்தாறு பேர் வேனில் போனோம். கல்லறையிலிருந்து எல்லோரும் கிளப் கட்டடத்துக்குப் போனார்கள். அங்கேதான் சாவு வீட்டுத் தேநீரும் ரொட்டியும். எம்லின் குழாய் பக்கத்தில் போய் நின்றான். சொந்த அப்பனின் சாவுக்கு வந்தவர்கள் உள்ளே, மகன் வெளியே. ரெனியை மட்டும் உள்ளே போகச் சொன்னான். அவள், "போடா," என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றாள்.

கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர்தான். "எம்லின், உள்ள வாப்பா. இன்னைக்கு ஒருநாள் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"வேணாங்க."

"அந்த நாற்காலியில இப்ப ஆளும் இல்லப்பா."

எம்லின் தலையை ஆட்டினான். "எங்கப்பா காத்த கதவு. அவரு இல்லாத நேரம் பாத்து நான் நுழைய மாட்டேன். என்னைக்கு நீங்களா அந்தச் சட்டத்தை எடுக்குறீங்களோ, அன்னைக்கு வரேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டடத்தையே பெயர்த்துப் போட்டிருப்பேன். "அறிவிருக்காடா உனக்கு? அவங்களே கூப்பிடுறாங்க!" என்றேன். அவன் என் தோளில் கையை வைத்தான். அந்தக் கையின் கனத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. உள்ளே இருக்கிற படத்தில், பழைய அணியோடு, பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார் என்று பிறகு வேனில் சொன்னான். சின்ன வயதில் பார்த்ததுதான். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு ஆசை.

அடுத்த வருஷம் ஆட்டத்தை நிறுத்தினான். நிறுத்தியபின் எங்கள் மைதானத்து நுழைவாசலில் நிற்கிற வேலையை ஏற்றுக்கொண்டான். வேலை என்றால் கூலி கிடையாது, கௌரவ வேலை. அவன் நின்ற வாசலில் யாரும் வெளியே நின்றதில்லை. சுரங்க வேலைநிறுத்தம் நடந்த அந்த நீண்ட குளிர்காலத்தில், பக்கத்துச் சுரங்கக்காரர்கள் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் உள்ளே விட்டான். கிளப் செயலாளர் குதித்தார். "நீ கதவுல நிக்கிறியா, இல்ல கதவையே கழட்டிட்டியா?" என்றார். எம்லின் கதவை மூடவில்லை.

பிறகு 1995 வந்தது. அந்த வசந்தத்தில் தொலைக்காட்சிப் பணம் வந்ததும் மேலிடத்துக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன ஊர்க் கிளப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிப் புதுப் பெயர் வைக்கலாம் என்றார்கள். எங்களை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரோடு ஒட்டப் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரனோடு எங்கள் ஊர்க்காரன் ஒரே பேருந்தில்கூட உட்கார மாட்டான். ஆட்டத்தின் இடைவேளையில் இரண்டு ஊர் ஜனமும் மைதானத்துக்குள் இறங்கி நடுவில் உட்கார்ந்துவிட்டது. ஒன்றாகச் சேர மாட்டோம் என்று சொல்வதற்காக அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்தார்கள். கிராப்ட்ரீ அம்மாவுக்கு எண்பதுக்கு மேல், அவளும் உட்கார்ந்தாள், குடையோடு. மேலிடம் பின்வாங்கியது. நாங்கள் வழக்கம்போல இரண்டாம் பிரிவிலேயே இருந்தோம். அதைக் கேட்டு ஊர் விருந்து கொண்டாடியதே, அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்!

அதே ஆகஸ்டில், எங்களை நூறு வருஷம் தீட்டு என்று ஒதுக்கிய யூனியன், இனி நாங்களும் காசு வாங்குவோம் என்று அறிவித்தது. தடை போயிற்று. செய்தியைக் கேட்டு நான் கொதித்தேன். அவனவன் வாழ்க்கையை வாங்கிக்கொண்டு, இப்போது ஒன்றுமே நடக்காத மாதிரி! எம்லின் கொதிக்கவில்லை. பூட்ஸைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டான்.

அடுத்த வருஷம் வசந்தத்தில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான்.

"கூப்பிடுறாங்கடா."

"யாரு?"

"ஊர்ல. பழைய ஆட்டக்காரங்க சேந்து ஒரு ஆட்டமாம்."

"உனக்கு அம்பத்தஞ்சு வயசு!"

"அவங்களுக்கும் அதுதான்."

நானும் ரெனியும் போனோம். பென்கெலினில் அதே மழை. தொப்பையும் வழுக்கையுமாக முப்பது பேர் மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மழைக்கோட்டோடு எல்லைக்கோட்டில் நின்று இறைச்சி வடை தின்றுகொண்டிருந்தேன். எம்லினை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

இரண்டாம் பாதியில் பந்து அவனிடம் வந்தது. ஓடினான் என்று சொன்னால் பொய். நகர்ந்தான், ஆனால் ஒரு கட்டடம் நகர்கிற மாதிரி நகர்ந்தான். நாலு பேர் தொங்கிப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். யூனியன் ஆட்டம் இது, இனி கையை விரித்து விட வேண்டும். எல்லோரும் அவன் மேல் கவிந்து காத்திருந்தார்கள்.

பந்து வெளியே வரவில்லை. எம்லின் வெளியே வந்தான். ஒவ்வொரு முழங்காலாக ஊன்றி எழுந்தான். நிமிர்ந்து நின்றான். பந்தைத் தரையில் வைத்தான். குதிகாலால் பின்னுக்கு உருட்டினான்.

பின்னால் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு அங்கே ஆள் நிற்க வேண்டும் என்றே தெரியாது. பந்து புல்லில் தனியாகக் கிடந்தது. முப்பது பேரும் நடுவரும் அதையே பார்த்தார்கள். எம்லின் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பின்னால் ஆள் இருக்கும் என்று இருபது வருஷத்துக்குப் பிறகும் நம்பி நின்றான்.

என் கையிலிருந்த வடை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மழைக்கோட்டோடு, செருப்பு மாதிரித் தேய்ந்துபோன ஷூவோடு, இரண்டு கெட்ட முழங்காலோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினேன். பந்தை எடுத்தேன். அவனுக்கே கொடுத்தேன். நடுவர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்று, வேலியோரம் முழுக்கக் கைதட்டல் கிளம்பியது. அது நிற்கவே இல்லை. நான் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

கட்டடத்துக்கு வந்தோம். கதவில் இப்போது நெரிஸ் என்று ஒரு பெண். "உள்ள வாங்க எம்லின் அண்ணே," என்றாள். அவன் பழக்கதோஷத்தில் குழாய் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். ரெனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சாயத்தொட்டியில் தள்ளிய அதே கை. படியேறினான். உள்ளே ஒரு காலை வைத்தவன், நிலைவாசலிலேயே வெளிப்பக்கமாகத் திரும்பினான். அவன் அப்பா நாற்காலி போட்டிருந்த இடம். நான் இன்னும் கீழே, குழாய் பக்கத்தில் சேற்றை வழித்துக்கொண்டு நின்றேன்.

"ஹெர்பி, அங்கயே நில்லு."

"மழை பெய்யுதுடா டேய்."

"கொஞ்ச நேரம் நில்லுன்னா."

நின்றேன். என்னையே பார்த்தான். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இவ்வளவு கிட்டத்துலயா நின்னேன்?" என்றான். "நான் வெளிய நின்னதை மட்டும்தான்டா இத்தனை வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். இங்க உக்காந்து இதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரே மனுஷன்!"

எம்லின் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து மறு கையை நீட்டினான். இருந்த இடத்திலிருந்தே அது என் காலருக்கு எட்டியது. பிடித்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டான்.